பிள்ளையின் படிப்புக்கு வீட்டிலே ஒரு இடம்



"நாங்களே சரியாப் படிக்கல, எங்க பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் குடுக்குறது?" இது லயங்களுக்குப் போகும்போதெல்லாம் நாங்கள் கேட்கிற பேச்சு. பாடம் சொல்லிக் கொடுப்பது ஆசிரியரின் வேலை. பிள்ளையை நேரத்துக்கு அனுப்புவது, பசியில்லாமல் அனுப்புவது, வந்த பிறகு இருந்து படிக்க ஒரு இடம் கொடுப்பது, இவை பெற்றோரின் வேலை. இதற்கு எழுத்து தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. இந்த முறை நமது பாடம் இதைப் பற்றியதே.

வன்னியிலிருந்து ஒரு பாடம்

நம்மில் பலருக்கு வன்னிப் பக்கம் சொந்தங்கள் உண்டு. 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு தோட்டங்களை விட்டுப் போன எத்தனையோ குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் காடு வெட்டிக் குடியேறின. அந்தப் பக்கத்து ஊர்களில் முல்லைத்தீவு மாவட்டத்துப் புதுக்குடியிருப்பும் ஒன்று.

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் அங்கே மண்ணெண்ணெய் கிடைப்பது அரிது. கரண்டும் கிடையாது. ஜாம் போத்தலுக்குள் திரி வைத்து, சொட்டு எண்ணெய் ஊற்றி, அந்த வெளிச்சத்தைச் சுற்றி உட்கார்ந்து பிள்ளைகள் படித்தார்கள். 2009 தொடக்கத்தில் யுத்தம் புதுக்குடியிருப்புக்கே வந்தது. சனம் வீடு வாசல், ஆடு மாடு எல்லாவற்றையும் விட்டு ஓடியது. உயிர் தப்பியவர்கள் வவுனியா செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே கூடாரத்திலும் கொட்டிலிலும் வகுப்பு நடந்தது. அதே வருடம் ஆகஸ்ட் மாதம் முகாமில் இருந்த பிள்ளைகள் புலமைப்பரிசில் பரீட்சையும் உயர்தரப் பரீட்சையும் எழுதினார்கள். அந்த முகாம் 2012 செப்டம்பரில்தான் மூடப்பட்டது.

இதை உங்களைக் குறை சொல்வதற்காக நாங்கள் எழுதவில்லை. அந்தச் சனம் பட்ட துன்பம் எந்தப் பிள்ளைக்கும் வரக் கூடாது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். வீடு போனது, உடுப்பு போனது, கொப்பி புத்தகம் போனது. அப்படியிருந்தும் படிப்பு நிற்காமல் இருக்க என்ன காரணம்? விடிந்தால் வகுப்புக்குப் போக வேண்டும் என்ற ஒரு ஒழுங்கு இருந்தது. உட்கார ஒரு இடம் இருந்தது. "இன்னிக்கு என்ன படிச்சே?" என்று கேட்க ஒரு ஆள் இருந்தது. இந்த மூன்றும் நம்முடைய லயத்துக் காம்பராவிலும் இருக்க முடியும்.

1. ஒரு நாள் தானே என்று நினைக்காதீர்கள்

சம்பள நாள், திருவிழா, உறவுக்காரர் வருகை, சின்னப் பிள்ளையைப் பார்க்க ஆளில்லாத நாள், இப்படி வாரத்தில் ஒரு நாள் பிள்ளை நின்றுவிடுகிறது. ஒரு வருடத்தில் ஏறக்குறைய 200 நாள் பாடசாலை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 40 வாரம். வாரம் ஒரு நாள் நின்றால் வருடத்துக்கு 40 நாள். ஐந்து வருடத்தில் 200 நாள். அதாவது ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போது பிள்ளை ஒரு முழு வருடப் படிப்பை இழந்துவிடுகிறது. "எம் பிள்ளைக்கு மண்டையில ஏறல" என்கிறோமே, பல சமயம் ஏறாததற்குக் காரணம் அந்த 200 நாள்தான்.

கைக்குழந்தையைப் பார்ப்பதற்காக அக்காவை வீட்டில் நிறுத்தாதீர்கள். அதற்குத்தான் பிள்ளை மடுவம் இருக்கிறது. காலையில் பெரட்டுக்குப் போகும் வழியில் குழந்தையை அங்கே விட்டுவிட்டு, பெரிய பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புங்கள்.

2. காலைச் சாப்பாடும் தேத்தண்ணியும்

வெறும் சாயத் தண்ணியைக் குடித்துவிட்டு மலை ஏறி இறங்கிப் பாடசாலைக்குப் போகிற பிள்ளைக்குப் பத்து மணிக்கே தலை சுற்றும். கரும்பலகை தெரிந்தாலும் பாடம் புரியாது. ஒரு ரொட்டியும் சம்பலும் என்றாலும் பரவாயில்லை, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். முந்திய இரவே மாவைப் பிசைந்து வைத்தால் காலையில் அவசரம் குறையும்.

தேயிலைக் கொழுந்து பறிக்கிற நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் உண்டு. சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. தேயிலையில் இருக்கிற துவர்ப்புப் பொருள் அதைத் தடுத்துவிடுகிறது. இரும்புச் சத்து குறைந்தால் இரத்தம் குறையும், பிள்ளை சோர்ந்து போகும், பாடத்தில் கவனம் நிற்காது. ஆகவே சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துத் தேத்தண்ணி கொடுங்கள். சாப்பாட்டோடு கொதித்தாறிய தண்ணீர் போதும். கீரைச் சுண்டலிலோ சம்பலிலோ தேசிக்காய் பிழிந்தால் சத்து நன்றாகச் சேரும். முருங்கைக் கீரை, பருப்பு, நெத்தலிக் கருவாடு, முடிந்த நாளில் ஒரு முட்டை, இவை எல்லாம் பிள்ளைக்கு நல்லது. பாடசாலையிலோ தோட்ட வைத்தியசாலையிலோ பூச்சி மருந்து கொடுக்கும் நாளில் பிள்ளையைக் கட்டாயம் அனுப்புங்கள்.

3. ஒன்றரை மணியிலிருந்து ஐந்து மணி வரை

பாடசாலை ஒன்றரை மணிக்கு விடுகிறது. சின்ன வகுப்புப் பிள்ளைகள் அதற்கு முன்னே வந்துவிடும். அம்மா கடைசிக் கொழுந்து நிறுத்துவிட்டு வர ஐந்து மணியாகிறது. இந்த இடைநேரத்தில் பிள்ளை யாரிடம் இருக்கிறது? இதை ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு முடிவு செய்ய வேண்டும். லயத்தில் வயதான பாட்டி, வேலைக்குப் போகாத ஒரு அக்கா, நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி வையுங்கள். "பிள்ளை வந்திருச்சா?" என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

புதுக்குடியிருப்புப் பக்கம் மீளக் குடியேறிய காலத்தில் மண்ணுக்குள் மிதிவெடி கிடந்தது. அங்கே பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக் கொடுத்த பாடம் இதுதான்: தெரியாத பொருளைத் தொடாதே, எடுத்து விளையாடாதே, கிட்டப் போகாதே, பெரியவரிடம் வந்து சொல்லு. நமது தோட்டங்களில் மிதிவெடி இல்லை. ஆனால் மருந்து அடித்த வெற்றுப் போத்தலும் தகரமும் இருக்கின்றன. அறுந்து தொங்குகிற கரண்ட் வயர் இருக்கிறது. மழைக் காலத்து ஆறு இருக்கிறது. குளவிக் கூடு இருக்கிறது. ஆகவே அதே பாடத்தை நமது பிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்கள். மருந்துப் போத்தலில் தண்ணீரோ எண்ணெயோ ஊற்றி வைக்கவே கூடாது. தனியாக இருக்கும் சின்னப் பிள்ளையை அடுப்பு மூட்டச் சொல்லாதீர்கள்.

"உன் உடம்பை யாராவது தொட்டு, அது உனக்குப் பிடிக்கலைன்னா, யாரா இருந்தாலும் அம்மாகிட்ட சொல்லு. அம்மா ஏச மாட்டேன்" என்று பெண் பிள்ளைக்கும் ஆண் பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள். அப்படி ஏதும் நடந்தால் மூடி மறைக்க வேண்டாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்குப் போன் பண்ணிச் சொல்லலாம்.

4. பின்னேரம் ஒரு மணி நேரம்

ஒரே காம்பராவில் அடுப்பும் படுக்கையும் ரேடியோவும் டீ.வி.யும் இருக்கும்போது பிள்ளை எங்கே படிக்கும்? இஸ்தோப்பில் ஒரு மூலை, ஒரு பலகை, ஒரு பாய் போதும். அடுப்புப் புகை வராத இடமாகப் பாருங்கள். ஆறரை மணியிலிருந்து ஏழரை மணி வரை டீ.வி.யும் போனும் அணைந்திருக்கட்டும். பிள்ளையின் போனை மட்டும் வாங்கி வைத்துவிட்டு, நாம் நம்முடைய போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளை நம் பேச்சைக் கேட்காது.

அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு தண்ணிக்கும் விறகுக்கும் அடுப்புக்கும் ஓடுகிறாள். அந்த ஒரு மணி நேரம் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியவர் தகப்பன். தண்ணி எடுத்துத் தருவதும் தகப்பன் செய்யக்கூடிய வேலைதான். சம்பள நாளில் குடித்துவிட்டுப் போடுகிற சத்தம் பிள்ளையின் படிப்பை எத்தனை நாளுக்குக் கெடுக்கும் என்று தகப்பன்மார் ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

எழுத்து தெரியாதவரும் செய்யக்கூடியவை:

கொப்பியைத் திறந்து பாருங்கள். இன்றைய தேதி போட்டிருக்கிறதா, ஆசிரியர் சிவப்பு மையால் குறித்திருக்கிறாரா என்று பார்க்கலாம். பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். திக்குகிற இடம் உங்களுக்கே தெரியும். மறுநாள் அதே பக்கத்தை மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள்.

கணக்குக்கு நமது வேலையே பாடம். "காலையில 7 கிலோ, பகல்ல 9 கிலோ, பின்னேரம் 6 கிலோ. மொத்தம் எத்தனை? முழுப் பேருக்கு 18 கிலோன்னா மிச்சம் எத்தனை?" என்று கேளுங்கள். 22 என்றும் 4 என்றும் பிள்ளை சொல்லட்டும். பிறகு சம்பளச் சீட்டைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். கழிவு எவ்வளவு, கைக்கு வருவது எவ்வளவு என்று பிள்ளை கண்டுபிடித்துச் சொன்னால் படிப்பு எதற்கு என்று அதற்கே விளங்கும்.

ஒன்பது மணிக்கு முன்னே படுக்கட்டும். வளர்கிற பிள்ளைக்கு ஒன்பது மணி நேரத் தூக்கமாவது வேண்டும்.

5. அடித்துப் படிக்க வைக்க முடியாது

புள்ளி குறைந்தால் அடிப்பதும், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசுவதும் பிள்ளையைப் பொய் சொல்லத்தான் பழக்கும். பாடசாலையிலும் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று 2005இல் கல்வி அமைச்சு சுற்றறிக்கை விட்டிருக்கிறது. புள்ளி ஏன் குறைந்தது என்று பாருங்கள். கரும்பலகையில் உள்ளதைப் பிழையாக எழுதினால் கண் பார்வையைச் சோதிக்க வேண்டும். கூப்பிட்டால் திரும்பாவிட்டால் காதைச் சோதிக்க வேண்டும். பெற்றோர் கூட்டத்துக்கு வேலை நாள் போகிறதே என்று நிற்காதீர்கள். தாயோ தகப்பனோ ஒருவராவது போய் வகுப்பாசிரியரிடம், "எம் பிள்ளை எதுல பின்னுக்கு நிக்குது?" என்று கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

6. பத்திரங்கள் பத்திரம்

வன்னியில் ஓடிய சனத்தில் பலர் பிறப்புப் பத்திரத்தையும் பரீட்சைச் சான்றிதழையும் பொலித்தீன் பையில் சுற்றி மடியோடு வைத்துக்கொண்டு ஓடினார்கள். தொலைத்தவர்கள் பிரதிக்காகப் பிற்பாடு கந்தோர் கந்தோராக அலைந்தார்கள். நமக்கும் மண்சரிவும் தீயும் வருகின்றன. லயத்தில் ஒரு காம்பராவில் பிடித்த தீ வரிசை முழுவதையும் எரித்துவிடும். ஆகவே பிறப்புப் பத்திரம், தடுப்பூசி அட்டை, பாடசாலை அறிக்கை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். பிறப்புப் பத்திரத்தில் உள்ள பெயரும் பாடசாலை இடாப்பில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று இப்போதே பாருங்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை வேண்டும். 15 வயது நிறைந்தவுடன் அதிபர் மூலம் விண்ணப்பியுங்கள். பரீட்சை நெருங்கும்போது பெயர் திருத்த ஓடினால் நேரம் போதாது.

7. பதினாறு வயது வரை

பழைய காலத்தில் தோட்டப் பாடசாலை என்றால் ஒரு மண்டபம், ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு முடிவு. 1970களில்தான் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. 1998இல் 5 வயதிலிருந்து 14 வயது வரை கட்டாயக் கல்வி என்று விதி வந்தது. 2016இல் அது 16 வயது வரை என்று உயர்ந்தது. 2021இல் வேலைக்கு எடுக்கும் குறைந்த வயதும் 16 ஆனது.

சட்டம் வந்தும் தரகர் வருவது நிற்கவில்லை. "கொழும்புல நல்ல வீடு, சாப்பாடு, துணிமணி, மாசம் சம்பளம்" என்பார். முன்பணமும் தருவார். 2021 ஜூலையில் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்ற 16 வயது மலையகச் சிறுமி தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். நாடே அதைப் பேசியது. அந்தத் தாயின் துக்கத்தை எந்தச் சம்பளமும் ஆற்றாது. பணக் கஷ்டம் வரும்போது பிள்ளையை அனுப்புவதற்கு முன் தோட்ட நலன்புரி அலுவலரிடமோ, அதிபரிடமோ, கிராம சேவகரிடமோ ஒரு வார்த்தை சொல்லுங்கள். பாடப்புத்தகமும் சீருடைத் துணியும் அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. சப்பாத்து, கொப்பிக்கு வழி தேடலாம். நின்றுபோன பிள்ளையை மறுபடி சேர்ப்பதுதான் கஷ்டம்.

ஆண் பிள்ளையைக் கடை வேலைக்கு அனுப்புவதும் இதே கதைதான். சாதாரண தரத்தில் தவறினாலும் தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. தச்சு, மின்சாரம், மோட்டார், தையல் என்று ஒரு தொழிலைக் கற்ற பிறகு பிள்ளை வெளியே போகட்டும்.

வீட்டில் பேசிப் பாருங்கள்

மாதர் சங்கக் கூட்டத்திலோ, வீட்டில் சாப்பிடும்போதோ இந்தக் கேள்விகளைப் பேசுங்கள்.

போன மாதம் நமது பிள்ளை எத்தனை நாள் பாடசாலைக்குப் போகவில்லை? ஏன்?
பின்னேரம் நாம் வரும் வரை பிள்ளை யார் கண்ணில் இருக்கிறது?
பிள்ளை உட்கார்ந்து படிக்க நமது வீட்டில் எந்த மூலை?
பிறப்புப் பத்திரம் இப்போது எங்கே இருக்கிறது?

நான்குக்கும் பதில் சொல்ல முடிந்தால் நல்லது. ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டால் இன்று பின்னேரமே அதிலிருந்து தொடங்குங்கள்.