வால்வு ஆம்ப்ளிபயர்: நூறு வாட் ஆசையும் பேப்பர் கணக்கும்



இறுதியாண்டு புராஜெக்ட் என்றதும் நம் துறையில் யாராவது ஒரு குரூப் "வால்வு ஆம்ப்ளிபயர் செய்கிறோம், அதுவும் நூறு வாட்!" என்று கிளம்பிவிடுவது வழக்கம். எங்கள் வகுப்பில் அப்படிக் கிளம்பிய நான்கு பேரில் நானும் ஒருவன். வால்வை அதுவரை நாங்கள் யாரும் கையில் தொட்டதில்லை. சாலிடரிங் அயர்னைச் சூடு பண்ணுவதற்கு முன் பேப்பரில் போட வேண்டிய கணக்கைத்தான் இக்கட்டுரையில் சொல்லப் போகிறேன். சர்க்யூட் படம் இதில் இல்லை. அது தேடினால் கிடைத்துவிடும்.

நம்ம ஊருக்கும் வால்வுக்கும் பழைய உறவு உண்டு. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941-ல் அறிவித்தவர் ஜி.டி. நாயுடு. அவர் முயற்சியால் 1945-ல் தொடங்கிய ஆர்தர் ஹோப் கல்லூரியின் நினைவுதான், அவினாசி ரோட்டில் இன்றும் கண்டக்டர் கூவும் "ஹோப் காலேஜ்" ஸ்டாப். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961-ல் ரேடியோ வால்வு தயாரிக்கத் தொடங்கியது. அந்தத் தயாரிப்பு நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போது புது வால்வு வேண்டுமென்றால் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா சரக்குதான்.

சரி, நூறு வாட் எதற்கு?

அன்னூர்ப் பக்கம் நீண்ட காலமாக மைக்செட் போடும் பெரியவர் ஒருவரிடம் யோசனை கேட்கப் போனோம். அவர் எங்களையே திருப்பிக் கேட்டார்: "ஏனுங் தம்பி, நூறு வாட்டு வெச்சு யாருக்குங்க பாட்டுப் போடப் போறீங்க? அந்தக் காலத்துல நாப்பது வாட்டு வால்வு செட்டு, வேப்ப மரத்துல ரெண்டு குழாய். நோம்பிச் சத்தம் மூணு ஊருக்குக் கேக்குமுங்க."

அவர் சொன்னதில் மிகை கொஞ்சம் இருக்கலாம், ஆனால் கணக்கு இருக்கிறது. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல் என்பதுதான் ஸ்பீக்கரின் திறன். வீட்டுப் பெட்டி ஸ்பீக்கர் சுமார் 88 டெசிபெல் என்றால், புனல் குழாய் 105-ஐத் தொடும். வித்தியாசம் 17 டெசிபெல், அதாவது 50 மடங்கு. குழாய்க்கு ஒரு வாட் கொடுப்பதும் பெட்டிக்கு 50 வாட் கொடுப்பதும் சத்தத்தில் ஒன்றே! அதோடு, நம் காதுக்குச் சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் வாட் பத்து மடங்காக வேண்டும். 35 வாட்டிலிருந்து நூறுக்குப் போனால் கிடைப்பது நாலரை டெசிபெல்தான். அதே லாபம் 88-க்குப் பதில் 92 டெசிபெல் ஸ்பீக்கர் வாங்கினாலே ஏறக்குறைய வந்துவிடும். 1947-ல் இங்கிலாந்தில் வில்லியம்சன் வெளியிட்டு உலகமே கொண்டாடிய ஆம்ப்ளிபயர் எத்தனை வாட் தெரியுமா? பதினைந்து!

நூறு வாட்டுக்கு இ.எல்.34 நான்கு வேண்டும். இரண்டிருந்தால் 35 வாட் நிம்மதியாக வரும். நான்கு என்றால் ஹீட்டர் கரண்ட் இரட்டிப்பு, டிரான்ஸ்பார்மர் எடை இரட்டிப்பு, பணமும் அப்படியே. எனவே முதலில் இ.எல்.84 இரண்டை வைத்துப் பத்து, பன்னிரண்டு வாட்டில் ஒன்று கட்டிக் கை பழகுவது, பிறகு இ.எல்.34 இரண்டில் 35 வாட் என்று தீர்மானித்தோம். ஆரம்பநிலைக்காரருக்கு 35 வாட்டே ஹை-பவர்தான் என்பது என் அபிப்பிராயம்.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார்: "வால்வு காசு குடுத்தா வந்துருமுங்க. டிரான்ஸ்பார்மருதான் வராதுங்க."

அவுட்புட் டிரான்ஸ்பார்மரைச் சொன்னார். கோவையில் வைண்டிங்குக்கா பஞ்சம்? பீளமேட்டில் 1937-லேயே மின்மோட்டார் செய்த ஊர் இது. பம்ப்செட் மோட்டார் கட்டும் கடை தெருவுக்குத் தெரு உண்டு. கணபதியில் ஒரு கடைக்காரர், "பத்து எச்.பி. மோட்டாரே கட்டறனுங்க, இது என்ன பெரிய வேலைங்களா?" என்றார். வேலை பெரிதல்ல, வேறு. மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸ் ஒன்றே ஒன்று. இதற்கு 40 ஹெர்ட்ஸ் மிருதங்கமும் போக வேண்டும், 15,000 ஹெர்ட்ஸ் ஜால்ராவும் போக வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். இ.எல்.34 இரண்டுக்கும் 375 வோல்ட்டில் தட்டுக்குத் தட்டு 3,400 ஓம் லோடு வேண்டும். ஸ்பீக்கர் 8 ஓம். 3,400-ஐ 8-ஆல் வகுத்தால் 425. அதன் வர்க்கமூலம் 20.6. அதுதான் சுற்று விகிதம். 35 வாட்டில் பிரைமரியில் சுமார் 345 வோல்ட் ஏ.சி. இருக்கும். தகட்டுக் குறுக்குப் பரப்பு 10 சதுர செ.மீ., ஃபிளக்ஸ் 1 டெஸ்லா, குறைந்தபட்சம் 40 ஹெர்ட்ஸ் என்று வைத்து, நாம் படித்த அதே 4.44 சூத்திரத்தில் போட்டால் பிரைமரி சுமார் 1,950 சுற்று, செகண்டரி 95. பாஸ் போதாது, 20 ஹெர்ட்ஸ் வேண்டும் என்றால் சுற்றோ தகடோ இரட்டிப்பாகும்.

உச்ச ஸ்தாயி வேறு கதை. பிரைமரி முழுவதையும் கீழே சுற்றி, செகண்டரியை மேலே சுற்றினால் லீக்கேஜ் இண்டக்டன்ஸ் ஏறி ஜால்ரா செத்துப் போகும். பிரைமரியை மூன்று பங்காக்கி, இடையில் இரண்டு இடத்தில் செகண்டரியைச் சொருக வேண்டும். ஒவ்வொரு சந்திலும் நல்ல இன்சுலேஷன் பேப்பர். நடு டேப்புக்கு இருபுறமும் சுற்றுகள் சமம். புஷ்-புல் என்பதால் இடைவெளி விடாமல் தகடுகளை மாற்றி மாற்றிச் சொருகலாம். இவ்வளவையும் ஒரு தாளில் படமாகப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்னால் மோட்டார் மாதிரியேதான் கட்டி வரும்!

பவர் டிரான்ஸ்பார்மர் நம்மவர்களுக்குக் கைவந்த வேலை, 150 வோல்ட்-ஆம்பியர் போதும். 280 வோல்ட் வைண்டிங்கை பிரிட்ஜ் டயோடில் கொடுத்தால் உச்சம் 396; லோடில் 375-க்கு இறங்கும். இங்கே கண்டென்சர் விஷயத்தில் கவனம் வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் நம்ம கிராமங்களில் கரண்ட் 255 வோல்ட் வரைகூட ஏறும். அப்போது அந்த 396, 439 ஆகிவிடும். சுவிட்ச் போட்ட முதல் பதினைந்து, இருபது விநாடி வால்வு சூடாகாததால் லோடும் கிடையாது. டிரான்ஸ்பார்மர் இன்னும் சில சதவீதம் கூடுதலாகக் கொடுக்கும். 450 வோல்ட் கண்டென்சர் வெடிக்க இது போதாதா? 220 மைக்ரோஃபாரட், 350 வோல்ட் இரண்டைத் தொடராகப் போட்டு, ஒவ்வொன்றின் குறுக்கிலும் 100 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் வையுங்கள். வோல்டேஜைச் சமமாகப் பங்கிடுவதும், ஆஃப் செய்தபின் சார்ஜை வடிப்பதும் அதே ரெசிஸ்டர்கள்தான்.

வடிய எவ்வளவு நேரம்? 110 மைக்ரோஃபாரட், 200 கிலோ ஓம். டைம் கான்ஸ்டன்ட் 22 விநாடி. 30 வோல்ட்டுக்குக் கீழே வர ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடம் அதற்குள் 8 ஜூல் உட்கார்ந்திருக்கிறது. டிரான்சிஸ்டர் கிட்டில் 12 வோல்ட்டைத் தொட்டுப் பழகிய கை இதைத் தொட்டால், லேப் அட்டெண்டர் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடலாம். பிளக்கைப் பிடுங்கி, ஒரு நிமிடம் காத்திருந்து, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். ஆன் செய்து அளக்கும்போது ஒரு கை பேண்ட் பாக்கெட்டில் இருக்கட்டும். தனியாக ஒருபோதும் செய்யாதீர்கள். டிரான்ஸ்பார்மர் இல்லாத பழைய ஏ.சி./டி.சி. ரேடியோவைப் பிரித்து அதன் சேசிஸை உபயோகிக்கலாம் என்று யாராவது சொன்னால், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அதில் சேசிஸே லைன்.

கட்டி முடித்ததும் நேராகப் பிளக்கில் சொருகக் கூடாது. 100 வாட் குண்டு பல்பை சீரிஸ் லேம்ப்பாகப் போட்டு, வால்வு ஒன்றும் இல்லாமல் ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி மங்க வேண்டும். பிரகாசமாகவே எரிந்தால் எங்கோ ஷார்ட். அடுத்து இ.எல்.34 சாக்கெட்டுகளில் நெகட்டிவ் பயாஸ் வருகிறதா என்று பார்த்து, அதை அதிகபட்ச நெகட்டிவில் வையுங்கள். பயாஸ் இல்லாமல் வால்வைப் போட்டால் தட்டு செக்கச் சிவந்துவிடும். பிறகு ஸ்பீக்கர் இடத்தில் 8 ஓம், 50 வாட் ஒயர்வூண்ட் ரெசிஸ்டரைக் கட்டுங்கள். லோடு இல்லாமல் சிக்னல் கொடுத்தால் பிரைமரியில் ஆயிரக்கணக்கான வோல்ட் எகிறி இன்சுலேஷன் போய்விடும். அதன்பின்தான் வால்வு.

ஒவ்வொரு கேத்தோடிலும் 10 ஓம் ரெசிஸ்டர் வைத்திருந்தால் பயாஸ் அளப்பது சுலபம். இ.எல்.34-ன் தட்டு தாங்குவது 25 வாட். அதில் 70 சதவீதம் என்றால் 375 வோல்ட்டில் சுமார் 45 மில்லி ஆம்பியர், மீட்டரில் 0.45 வோல்ட். இதைச் செட் செய்யும்போது சீரிஸ் லேம்ப் இருக்கக் கூடாது, சரியான ஃபியூஸ் இருக்க வேண்டும். பத்து நிமிடம் கழித்து மறுபடி அளந்து சரிசெய்யுங்கள்.

ஃபீட்பேக் கம்பியைக் கடைசியில் இணையுங்கள். இணைத்ததும் ஊளையிட்டால் பயப்பட வேண்டாம், ஃபேஸ் தலைகீழாக இருக்கிறது. ஆஃப் செய்து, ஒரு நிமிடம் பொறுத்து, இரண்டு தட்டுகளுக்கும் போகும் பிரைமரிக் கம்பிகளை ஒன்றுக்கொன்று மாற்றிப் போடுங்கள்.