புள்ளியை வைத்துவிட்டு ஊசியை இறக்கு

கல்லிடைக்குறிச்சி,
மார்கழி 4

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். நீ அனுப்பிய மாதிரித் துணி வந்து சேர்ந்தது. முதலில் அதைப் புரட்டிப் பின்பக்கத்தைத்தான் பார்த்தேன். நூல் எங்கும் குவியவில்லை, பாபின் நூல் மேலே எட்டிப் பார்க்கவில்லை. டென்ஷன் உனக்குப் பிடிபட்டுவிட்டது. பாதிப் பேர் அந்த இடத்திலேயே அலுத்துப்போய் மிஷினை மூடி வைத்துவிடுவார்கள். அதனால் தையல் உனக்கு வராதோ என்ற கவலை வேண்டாம்.

முன்பக்கம்தான் மனசுக்கு ஒப்பவில்லை. வளைவு ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. ஒரு மூலையில் நெருக்கியடித்துக் கிடக்கிறது, மறு மூலை வெறுமையாக இருக்கிறது. கட்டம் போட்டுக்கொண்டு தைப்பது பார்த்து எழுதுவது மாதிரி, ஃப்ரீ மோஷன் என்றால் மனம் போன போக்கில் கை போக வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அந்த எண்ணத்தை நீ விட்டுவிட வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

ஃப்ரீ மோஷனுக்காகத் துணியை நகர்த்தும் பல்லை இறக்கிவிட்டால் அதைப் பின்னால் இழுக்க மிஷினில் ஒன்றும் இல்லை. முன்னே, பின்னே, பக்கவாட்டில் என்று நீ நகர்த்தும் பக்கமெல்லாம் தையல் விழும். நம் ஊர்த் தையல்காரர்களுக்கு இது புதிதல்ல. கால்மிதி மிஷினில் ஃபுட்டைக் கழற்றி, பல்லைக் கழற்றி, துணியை வளையத்தில் மாட்டிக்கொண்டு பூவும் கொடியும் போடும் மிஷின் எம்பிராய்டரி இதுவேதான். அவர்களில் ஒருவர்கூட வெறுந்துணியில் ஊசியை வைத்து நான் பார்த்ததில்லை. பட்டர் பேப்பரில் படத்தை வரைந்து, கோடு நெடுக ஊசியால் துளை போட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்த்துத் துணியில் இறக்கிக்கொண்டுதான் உட்காருவார்கள். ஆரி வேலை செய்கிறவர்களும் அப்படித்தான். அவர்கள் கைக்குத் திறமை குறைவு என்று யார் சொல்வார்கள்?

நம் பக்கத்துக் கைவேலை எதை எடுத்தாலும் அடியில் ஒரு கணக்கு இருக்கும். பத்தமடையில் கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, மயிரிழையாகக் கிழித்து, பருத்தி நூல் பாவில் கோத்து நெய்கிறார்கள். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெண் பேரை எழுத்தெழுத்தாக நெய்துவிடுவார்கள். அந்த எழுத்தின் வளைவு எங்கே திரும்ப வேண்டும் என்பது பாவு நூலை எண்ணித்தான் தெரியும். தெற்கே இடையன்குடியில் கால்டுவெல் ஐயருடைய மனைவி எலைசா அம்மாள் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய தாயார் மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் ஏற்கெனவே தொடங்கியிருந்த வேலை அது. 1844-இல் கல்யாணமாகி இடையன்குடிக்கு வந்த எலைசா அந்த லேஸை நம் மாவட்டத்துக்குக் கொண்டுவந்தார். லேஸ் திண்டின் மேல் துளையிட்ட அட்டையை விரித்து, துளைக்குத் துளை குண்டூசி குத்தி, ஊசியைச் சுற்றி நூல்களை மாற்றி மாற்றிப் போட வேண்டும். பின்னி முடித்த பிறகு அட்டையும் இல்லை, ஊசியும் இல்லை. சரிகிற இழை கைக்கு வருகிறதென்றால் அது அந்தத் துளைகள் இருந்த இடத்தின் வேலை.

பஞ்சை நடுவில் வைத்துத் தைக்கும் குவில்ட் உலகத்திலும் உன்னுடையதைப் போல ஒரு கூச்சம் முன்பு இருந்தது. கையால் தைத்தால்தான் குவில்ட், மிஷினில் தைப்பது மட்டம் என்று நெடுங்காலம் நினைத்தார்கள். அமெரிக்காவில் பாடூக்கா என்ற ஊரில் நடக்கும் பெரிய போட்டியில் 1989-இல் கேரில் பிரையர் ஃபேலர்ட் என்ற அம்மாளின் மிஷின் தையல் குவில்ட் முதல் பரிசு வாங்கியது. அதற்குப் பிறகுதான் அந்தப் பேச்சு அடங்கியது. நம் சென்னையிலேயே 2019-இல் இந்தியா குவில்ட் ஃபெஸ்டிவல் நடந்தது. மிஷினைப் பற்றிய கூச்சம் போய்விட்டது. இப்போது கட்டத்தைப் பற்றிய கூச்சம் வந்திருக்கிறது. இதுவும் போக வேண்டியதுதான்.

இனி வேலைக்கு வருவோம்.

முதலில் ஆரஞ்சுச் சுளை போடு. ஒரு அங்குல இடைவெளியில் நேர்ப்புள்ளி வை. ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்கு நேராகப் போகாமல் மேலே வளைந்து போ, அதற்கடுத்ததற்குக் கீழே வளைந்து போ. திரும்பி வரும்போது மேலே போன இடத்தில் கீழும், கீழே போன இடத்தில் மேலுமாக வந்தால் இரண்டு புள்ளிக்கு நடுவில் ஒரு சுளை உட்கார்ந்துவிடும். குறுக்கிலும் நெடுக்கிலும் இப்படி நிரப்பினால் துணி முழுக்க வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போவது போலத் தெரியும். வளைவு எவ்வளவு உப்ப வேண்டும் என்று கேட்பாய். கட்டத்தின் பக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு அங்குலக் கட்டத்துக்கு 5 மில்லிமீட்டர். அந்த அளவில்தான் வட்டம் வட்டமாக வரும். கூடினால் பலூன் மாதிரியும், குறைந்தால் கோணல் கோடு மாதிரியும் ஆகிவிடும்.

இதில் இன்னொரு வசதி உண்டு. ஒவ்வொரு கட்டக்கோட்டின் மேலும் போக ஒரு தடவை, வர ஒரு தடவை என்று இரண்டு முறை போகிறாய். அதனால் நூலை அறுக்காமலே முழுவதையும் முடித்துவிடலாம். இடது மேல் மூலையில் ஆரம்பித்து மேல் வரிசையில் வலது ஓரம் வரை போ. திரும்பி வரும்போது ஒவ்வொரு புள்ளியிலும் நின்று, அங்கிருந்து கீழே அடிவரை இறங்கி ஏறிவிட்டு அடுத்ததற்கு நகர். இடது ஓரத்துக்கு வந்ததும் அந்த ஓரத்தில் இறங்கு. இப்போது ஒவ்வொரு புள்ளியிலும் வலப்பக்கம் கடைசிவரை போய்த் திரும்பு. அடியைத் தொட்டுவிட்டு மேலே ஏறினால் தொடங்கிய புள்ளியில் வந்து நிற்பாய். பெரிய படுக்கை விரிப்புக்கு இப்படிச் செய்தால் துணியை இழுத்து இழுத்துத் தோள் விட்டுப்போகும். தொட்டில் அளவுக்குத் தாராளமாகச் செய்யலாம்.

வெறும் கட்டத்தை மட்டும் ஒற்றைக் கோடாகத் தைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். 5-க்கு 5 புள்ளி என்று வைத்துக்கொள். ஓரத்தில் 12 புள்ளிகளில் மும்மூன்று கோடுகள் வந்து சேரும். ஒற்றைப்படையாகக் கோடு சேரும் புள்ளி இரண்டுக்கு மேல் இருந்தால் ஒரே நூலில் முடியாது என்று ஆய்லர் என்ற கணக்கு மேதை 1736-லேயே ஏழு பாலப் புதிர் ஒன்றை வைத்துச் சொல்லிவிட்டார். 12 என்றால் குறைந்தது ஆறு நூல், பன்னிரண்டு முனை. அத்தனையையும் முடிந்து உள்ளே செருக வேண்டும். ஊசியை இறக்குவதற்கு முன் ஐந்து நிமிஷம் வழியை யோசித்தால் இந்தப் பாடெல்லாம் மிச்சம்.

அடுத்ததுதான் நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தது. சிக்குக் கோலம். உன் ஆச்சி விடியற்காலையில் தெளித்துப் பெருக்கிவிட்டுப் போடும் கம்பிக் கோலங்களைப் பார்த்து வளர்ந்தவள் நீ. புள்ளியைத் தொடாமல், ஒரு புள்ளியையும் விடாமல், கம்பி சுற்றிச் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சேரும். குவில்ட்டில் தைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான உருவத்தை நான் கண்டதில்லை. வெளிநாட்டுப் புத்தகத்து இறகையும் ஓடையையும் பார்த்துக்கொண்டிருக்கிறாயே, உன் கை ஏற்கெனவே பாதி படித்து வைத்திருக்கும் பாடம் வாசலில் கிடக்கிறது.

தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி என்ற பேராசிரியர் இருந்தார். அவரும் ராணி சிரோமணியும் கமலா கிருதிவாசனும் சேர்ந்து கோலத்தை எப்படி இலக்கண விதிகளாக எழுதலாம் என்று ஆராய்ந்து 1974-இல் கட்டுரை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் படம் வரைவதைப் பற்றி உலகம் யோசித்துக்கொண்டிருந்த காலத்தில் நம் வாசல் கோலம் அந்தப் படிப்புக்குள் போயிருக்கிறது. அந்த வழியில் வந்தவர்கள் சொல்லும் ஒரு கணக்கு தையலுக்கு அப்படியே உதவும். நேர்ப்புள்ளி வைத்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவிலெல்லாம் கம்பி வெட்டிக்கொண்டு போகிற சாதாரணச் சிக்கில் எத்தனை கம்பி வரும் என்பது புள்ளி எண்ணிக்கையிலேயே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் மீப்பெரு பொது வகுத்தி போட்டோமே, அதுதான். 3-க்கு 4 வைத்தால் ஒரே கம்பி. 6-க்கு 9 என்றால் மூன்று. 4-க்கு 4 என்றால் நான்கு. 12-க்கு 12 சதுரமாக வைத்தால் பன்னிரண்டு தனித்தனிக் கம்பி. ஒரு வரிசையைக் குறைத்து 11-க்கு 12 ஆக்கினால் முழுத் துணியும் ஒரே நூல். அதனால் குவில்ட்டின் நீள அகலத்தை முடிவு செய்யும்போதே புள்ளியையும் எண்ணி முடிவு செய். சதுரம்தான் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. இரண்டு வெவ்வேறு கம்பிகள் வெட்டும் ஓரிடத்தில் வெட்டவிடாமல் இரண்டையும் வளைத்துத் திருப்பிவிட்டால் அவை ஒன்றாகிவிடும். 4-க்கு 4-இல் தகுந்த மூன்று இடங்களில் இப்படித் திருப்பினால் நான்கும் ஒன்றாகும். உன் ஆச்சி கோலத்தில் நடுவே திடீரென்று ஒரு வளைவு மாறும், பார்த்திருப்பாய். அழகுக்கு மட்டும் அவள் அப்படிச் செய்யவில்லை.

சிக்கைத் தைக்கும்போது புள்ளிகளுக்குச் சரிபாதியில் ஒரு சின்னக் கீறலும் வைத்துக்கொள். கம்பிகள் வெட்டுவது அங்கேதான். அந்த இடத்தைத் தயங்காமல் சாய்வாகக் கடந்துவிட வேண்டும். வளைவதெல்லாம் புள்ளியைச் சுற்றும் இடத்தில். பாபின் நடுவில் தீரும் என்று தெரிந்தால் வெட்டும் இடத்தில் நிறுத்தி மாற்று. இணைப்பு கண்ணுக்குத் தெரியாது.

இது மார்கழி. நாளையிலிருந்து காலையில் மிஷின் பக்கம் போகாதே. வாசலில் புள்ளி வைத்து, தைக்கப்போகும் உருவத்தையே மாவில் போடு. விரல் போகும் இடத்தைப் பார்க்காமல் அடுத்த புள்ளியைப் பார்க்கப் பழகு. தரையில் கண் முன்னே போனால் மிஷினிலும் போகும். உன் வளைவு தடுமாறுவதற்குக் காரணம் கை நடுக்கம் இல்லை, நீ ஊசியையே பார்த்துக்கொண்டிருப்பதுதான். ஊசி எங்கேயும் ஓடிவிடாது. மிஷின் வேகம் ஒரே சீராக இருக்கட்டும், அங்குலத்துக்கு எட்டுப் பத்துத் தையல் விழுந்தால் போதும். நிற்க வேண்டுமென்றால் புள்ளியில், ஊசியைத் துணிக்குள் இறக்கி வைத்து நில். வளைவின் நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் ஒரு முட்டு தெரியும்.

அடையாளம் போடும் பேனாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இதில்தான் நல்ல வேலை கெட்டுப்போகிறது. ஊதா நிறத்தில் எழுதித் தானாக மறைகிற பேனா ஈரக்காற்றில் சீக்கிரம் மறைந்துவிடும். ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் காலையில் வைத்த புள்ளி தைக்க உட்காரும்போது இருக்காது. தண்ணீரில் கரையும் நீலப் பேனாதான் உனக்கு நல்லது. ஆனால் அதைக் கழுவுவதற்கு முன் இஸ்திரி போட்டால் கறை துணியிலேயே தங்கிவிடும். முதலில் சோப்பு போடாமல் பச்சைத் தண்ணீரில் முக்கி எடு. சூட்டில் மறையும் பேனா 60 டிகிரியில் மறையும், கடுங்குளிரில் திரும்பவும் தெரியும். அடர்நிறத் துணியில் வெளுத்த தடமும் விடும். அடர்நிறத்துக்குத் தையல் சாக்கையே சீவிக் கூராக்கிப் பயன்படுத்து. உதிரும் என்பதால் ஒரு பகுதிக்கு மட்டும் போட்டுத் தைத்துவிட்டு அடுத்ததற்குப் போ. மண்ணெண்ணெய்க் கலவை பிள்ளைக்குப் போர்த்தும் துணியில் வேண்டவே வேண்டாம். எதுவானாலும் அதே துணியின் வெட்டுத் துண்டில் ஒருமுறை போட்டு, கழுவிப் பார்த்துவிட்டு எடு.

உன் சிநேகிதி பிள்ளைக்குத் தைக்கப்போவதில் நெருக்கமாக நிரப்பாதே. தையல் கூடக் கூடத் துணி அட்டை மாதிரி விறைக்கும், பச்சைப் பிள்ளை மேனிக்கு உறுத்தும். புள்ளியை மூன்று அங்குல இடைவெளியில் வை. 11-க்கு 12 புள்ளி வைத்தால் ஓரம் விட்டு அளவு சரியாக வரும். பஞ்சு விரிப்பு வாங்கும்போது உறையைப் படி, எவ்வளவு இடைவெளி வரை தையல் இல்லாமல் விடலாம் என்று அதில் போட்டிருப்பார்கள். இலவம்பஞ்சை உள்ளே வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். அது தலையணைக்கு. இரண்டு தரம் துவைத்தால் ஒரு பக்கமாகப் போய் ஒதுங்கிவிடும். மேல்துணிக்கு மதினியிடம் பழைய வீரவநல்லூர்ச் சேலை இருந்தால் கேள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன நூல்துணிக்கு ஈடு கடையில் கிடைக்காது. மேல்துணி, பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்கையும் தரையில் விரித்து, சுருக்கம் எடுத்து, கை அகலத்துக்கு ஓர் ஊக்கு வீதம் குத்திவிட்டுத்தான் தூக்க வேண்டும்.

தை பிறப்பதற்குள் ஒரு முழம் துணியில் 3-க்கு 4 சிக்கும், பக்கத்தில் ஆரஞ்சுச் சுளையும் தைத்து அனுப்பு. புள்ளியைக் கழுவாமலே அனுப்பு. கம்பி எங்கே புள்ளியை விட்டு விலகுகிறது என்று நான் பார்க்க வேண்டும்.

அண்ணனையும் மதினியையும் விசாரித்ததாகச் சொல்.

உன் அத்தை