நேரம் இல்லைன்னா அதைச் சொல்லிட்டே விண்ணப்பி!

செமஸ்டர் பரீட்சை, லேப் ரெக்கார்டு, அரியர் பேப்பர் இத்தனைக்கும் நடுவுல, வழிகாட்டுற மென்டர் துணையோட ஓப்பன் சோர்ஸ் நிறுவனங்களுக்கு கோட் எழுதுற கூகுள் சம்மர் ஆஃப் கோடுக்கு அப்ளை பண்ணணும்னு ஆசையா? நல்ல ஆசைதான் கண்ணு. 18 வயசு முடிஞ்சிருந்தா தாராளமா பண்ணு. ஆனா 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு குதிக்காதே. அக்கா சொல்றதைக் கேளு.

1. முதல்ல மணிக்கணக்கு போடு. ப்ராஜெக்ட் மூணு அளவுல வரும்: ஏறக்குறைய 90, 175, 350 மணி நேரம். வழக்கமான 12 வாரத்துல 175ஐ முடிக்க வாரத்துக்கு 15 மணி வேணும். 350ன்னா கிட்டத்தட்ட 30. காலேஜ் பஸ்ல உட்கார்ந்து கோட் எழுதிடுவேன்னு அந்த நேரத்தையும் கணக்குல சேர்க்காதே. முழுநேர இன்டர்ன்ஷிப் கையில இருந்தா 350 பக்கமே போகாதே.

2. பரீட்சைத் தேதியை மறைக்காதே. எல்லாரும் சறுக்குற இடம் இதுதான். கோடிங் வேலை பொதுவா மே கடைசி, ஜூன் வாக்குல ஆரம்பிக்கும். உன் பரீட்சையும் அப்போதான் வந்து நிக்கும். ப்ரொபோசல்லயே பளிச்சுனு எழுது: "முதல் இரண்டு வாரம் தேர்வு, வாரம் 5 மணி நேரம் மட்டும், அதன்பின் வாரம் 18." நேரம் கம்மின்னு முன்கூட்டியே சொல்றவங்களை மென்டர் சமாளிச்சுப்பார். சொல்லாம காணாமப் போறவங்களை மிட்டேர்ம் மதிப்பீட்டுலயே ஃபெயில் பண்ணிடுவார்.

3. வாரத்தை நீட்டிக்க முடியுமான்னு கேளு. மென்டர் சம்மதிச்சா 22 வாரம் வரைக்கும் இழுக்கலாம். அப்போ 175 மணின்னா வாரத்துக்கு 8 மணிதான். இதை அப்ளை பண்றதுக்கு முன்னாடியே கேட்டுடு.

4. மூணு போடலாம், ஒண்ணு போதும். ஒருத்தர் மூணு ப்ரொபோசல் வரை அனுப்பலாம். எப்படியும் ஒண்ணுதான் தேர்வாகும். நேரமில்லாத நீ ஒண்ணையே உருப்படியா எழுது.

5. பிப்ரவரியிலயே தலையைக் காட்டு. அந்த வருஷம் கலந்துக்கற நிறுவனங்களோட பட்டியல் வழக்கமா அப்போதான் வரும். அவங்க மென்பொருளை உன் லேப்டாப்ல ஓட வை. பழைய லேப்டாப்னா அதுக்கே ரெண்டு ராத்திரி போயிடும். அப்புறம் சின்னதா ஒரு பக் சரி பண்ணி அனுப்பு. பத்துப் பக்க ப்ரொபோசலை விட அது நல்லாப் பேசும்.

6. "சார், ஐ ஆம் இன்ட்ரஸ்டட், ப்ளீஸ் கைட் மீ"ன்னு மட்டும் மென்டருக்கு அனுப்பாதே. பதிலே வராது. எதை ஓட்டினே, என்ன எரர் வந்துச்சு, நீயா என்ன முயற்சி பண்ணினே, இந்த மூணையும் எழுதி, அந்த நிறுவனத்துல எல்லாரும் பார்க்கிற சேனல்லயே கேளு.

7. ஏஐ எழுதினதை அப்படியே ஒட்டாதே. வாரவாரம் என்ன முடிப்பேன்னு உன் வாயால எழுது. மென்டர் ஒரு கேள்வி திருப்பிக் கேட்டாலே குட்டு வெளிப்பட்டுடும்.

8. கடைசி ராத்திரிக்கு வைக்காதே. கெடு யுடிசி நேரத்துல இருக்கும். 18:00ன்னா நம்ம ஊருக்கு ராத்திரி 11:30. ரெண்டு நாள் முன்னாடியே பிடிஎஃப் ஏத்திடு. கெடு முடியுற வரைக்கும் மாத்திக்கலாம்.

கிடைக்கலைன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே. நீ சரி பண்ணின பக் உன் கிட்ஹப்ல உன் பேர்லதான் இருக்கும். பரீட்சை முடிஞ்சதும் அதே இடத்துல அடுத்த பக்கை எடு. அடுத்த வருஷம் அவங்களுக்கு நீ புது ஆளா இருக்க மாட்டே.