தங்கரேக்குச் சட்டத்துக்கு ஈரத்துணி ஆகாது

காத்தான்குடி போன்ற வாவிக்கரை ஊர்களில் ஈரக்காற்றால் மரம் பருத்துச் சுருங்கும். பழைய படச்சட்டங்களின் மேற்பூச்சு வெடித்து உதிரும். பாட்டனார் காலத்துச் சட்டம் உங்கள் வீட்டில் உண்டா? அதைத் துடைக்குமுன் அதன் அமைப்பை அறிந்துகொள்ளுங்கள்.

செதுக்கிய மரத்தின்மேல் சீமைச்சுண்ணாம்புத் தூளும் வச்சிரமும் குழைத்த வெண்பூச்சு, அதன்மேல் செங்களிமண், எல்லாவற்றுக்கும் மேலே தங்கரேக்கு. இதையொத்த முறையை ஏறக்குறைய 1400ஆம் ஆண்டில் இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி எழுதிவைத்தார். வச்சிரம் நீரில் இளகும். ஈரத்துணி பட்டால் தங்கமும் துணியோடு வந்துவிடும்.

ஆகவே, மென்மையான தூரிகையால் மட்டும் தூசியை அகற்றுங்கள். பூச்சு உதிர்கின்ற இடத்தைத் தொடாதீர்கள். விழுந்த செதுக்குத் துண்டுகளைப் பொதிந்து வையுங்கள். தேர்ந்த கைவினைஞர் அவற்றை மீண்டும் ஒட்டி, குறைந்த இடத்தில் மட்டும் புதிய ரேக்கு இடுவார். பித்தளைத்தூள் வர்ணம் பூசவே வேண்டாம். அதிலுள்ள செம்பு நாளடைவில் கறுக்கும். கறுக்காத தங்கம் அதனடியில் மறைந்து கிடக்கும்.