வழியில் இருக்கும் புளி யாருடைய இருப்பு?

தருமபுரி மாவட்டத்தில் புளி உலுக்கும் பருவமும், வியாபாரிகள் வருஷக் கணக்கை முடிக்கும் மார்ச் 31-ஆம் தேதியும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேருவதால், அன்றிரவு தொப்பூர்க் கணவாயில் இறங்கிக்கொண்டிருக்கும் லாரியிலுள்ள மூட்டைகள் விற்றவருடைய இருப்பா, வாங்கியவருடைய இருப்பா என்னும் வினா ஆண்டுதோறும் எழுகிறது. அதற்கு மண்டிகளில் சொல்லப்படும் விடைகளிற் பெரும்பாலானவை நம்பிக்கைகளேயன்றி நியாயங்கள் அல்ல.

கிடங்கில் எண்ண முடிந்ததே இருப்பு என்பது அவற்றுள் மிகப் பரவலானது. அதை நம்பி, பில்லைக் கொள்முதலில் ஏற்றிவிட்டு, வந்துசேராத சரக்கை இருப்பில் ஏற்றாமல் விடுகிறவருடைய லாபம் அந்த மதிப்பளவுக்குக் குறைந்து தோன்றும். 1930-ஆம் வருஷத்து இந்தியச் சரக்கு விற்பனைச் சட்டமோ, சரக்கு எங்கே நிற்கிறது என்று பார்ப்பதில்லை. எந்த க்ஷணத்தில் உரிமை கைமாறவேண்டுமென்று இரு தரப்பினரும் கருதினார்களோ அந்த க்ஷணத்தையே, ஒப்பந்தத்தின் வாசகம், அவர்களுடைய நடத்தை, சந்தர்ப்பம் ஆகியவற்றைக் கொண்டு தேடுகிறது. வேறு கருத்துத் தென்படாதபோது, வாங்குபவருக்கென்று ஒதுக்கிய சரக்கை, விற்றவர் தம் கையில் எந்தப் பிடியும் வைத்துக்கொள்ளாமல் லாரி ஆபீசில் ஒப்படைத்த அளவிலேயே உரிமை மாறிவிட்டதாகக் கொள்கிறது. ஆகவே மார்ச் 30-ல் பாப்பிரெட்டிப்பட்டியில் ஏற்றி ஏப்ரல் 2-ல் மதுரையில் இறங்கும் புளி, சாதாரணமாக, மதுரைக்காரருடைய இருப்பு. விற்றவர் லாரி ரசீதைத் தம் பெயருக்கே எழுதுவித்து, பணம் கட்டினாலன்றிக் கொடுக்கலாகாதென்று பாங்கு வழியே அனுப்பினாரானால் விஷயம் வேறு. பணம் செலுத்தப்படும்வரை அது தருமபுரிக்காரருடையதே.

‘பணம் வரும்வரை சரக்கு என்னுடையது’ என்று மனப்பூர்வமாக நம்புகிறவர்களிடம் எனக்கு அனுதாபம் உண்டு, சட்டத்துக்கு இல்லை. தவணை கொடுத்ததனால் உரிமை மாறுவது தடைப்படாது. வாங்கியவர் நொடித்துப்போனால் வழியிலேயே சரக்கை நிறுத்தும் அதிகாரம் விற்றவருக்கு இருப்பது மெய்தான். ஆனால் உரிமை கைமாறிவிட்ட சரக்கின்மீதும் செல்லுபடியாகும் அதிகாரம் அது. அதைக் காட்டி மூட்டைகளைத் தம் இருப்பில் சேர்த்துக்கொள்ள இயலாது.

வாடகை கொடுத்தவரே உடையவர் என்னும் நம்பிக்கை, கேட்பதற்குப் பொருத்தமாக இருப்பதனாலேயே நீண்டநாள் பிழைத்திருக்கிறது. எவ்விடத்தில் ஒப்படைப்பு என்பதற்கு வாடகை ஒரு குறிப்பாகலாம், தீர்ப்பாகாது. இப்பகுதிக் கிரானைட் சென்னைத் துறைமுகம் வழியாக சி.ஐ.எஃப். நிபந்தனையில் வெளிநாடு செல்லும்போது, கப்பல் கூலியையும் இன்ஷூரன்ஸையும் விற்பவரே கட்டுகிறார். எனினும் கப்பலில் ஏறியதுமே நஷ்டத்தின் பொறுப்பு வாங்குபவரைச் சேர்ந்துவிடுகிறது.

இ-வே பில்லைக் காட்டி, உரிமை மாறிவிட்டதென்று வாதிப்பவர்களும் உளர். சொந்தக் கிளைக்கு அனுப்பும் சரக்குக்கும் அது தேவைப்படுகிறதென்பதே அவர்களுக்குப் போதுமான பதில். கமிஷன் மண்டிக்கு அனுப்பியது, விற்கும்வரை அனுப்பியவருடையதே, மண்டி எத்தனை தொலைவிலிருந்தாலும் சரி.

இவ்வருஷம் இருப்பு எடுக்கும்போது மார்ச் கடைசி வாரத்து லாரி ரசீதுகளையும் ஏப்ரல் முதல் வாரத்து வரவுச் சீட்டுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அடுத்த ஒப்பந்தத்தில், உரிமை எங்கே கைமாறும் என்று ஒரே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். உங்கள் ஆடிட்டர் சந்தோஷப்படுவார்.