பித்தளை எல்லாம் ஒன்றல்ல

க.பொ.த. உயர்தரம், பௌதிக விஞ்ஞானப் பிரிவு

சென்ற விடுமுறையில் எங்கள் கிணற்றடித் தண்ணீர்ப் பைப்பை வாப்பா திருகியபோது அது கழுத்தோடு முறிந்து கையில் வந்துவிட்டது. வாங்கி மூன்று வருடங்கள்தான். "பித்தளை என்றுதானே தந்தார்கள்" என்று கவலைப்பட்டார். முறிந்த இடத்தைப் பார்த்தேன். அங்கே மஞ்சள் நிறம் இல்லை. செம்புச் சிவப்பாக, சுரண்டினால் உதிரும்படி இருந்தது. உம்மம்மாவின் வெற்றிலை வட்டாவும் பித்தளைதான். அது இன்னும் உறுதியாக இருக்கிறது. ஏன் இந்த வேறுபாடு?

பித்தளை என்பது செம்பும் நாகமும் சேர்ந்த கலப்புலோகம். செம்பின் பளிங்குச் சாலகத்தில் சில அணுக்களின் இடத்தை நாக அணுக்கள் பிடித்துக்கொள்கின்றன. பருமனில் வேறுபட்ட அணுக்கள் இடையில் இருப்பதால் அணுப்படைகள் இலகுவில் வழுக்குவதில்லை. ஆகவே பித்தளை தூய செம்பைவிட வன்மையானது.

நாகத்தின் அளவே பித்தளையின் தொழிலைத் தீர்மானிக்கிறது.

1. நாகம் சுமார் 15 வீதம்: பொன் போன்ற நிறம். அலங்காரப் பொருட்களுக்கும் போலி நகைகளுக்கும் உகந்தது.

2. நாகம் 30 வீதம்: சூடாக்காமலே தகடாக அடிக்கலாம், குழாயாக இழுக்கலாம். துப்பாக்கி ரவைகளின் உறைகள் இதனால் ஆனவை.

3. நாகம் 40 வீதம்: வன்மை கூடியது, சூடாக்கியே உருவமைக்க வேண்டும். 1832இல் பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஜோர்ஜ் மன்ட்ஸ் இதற்குக் காப்புரிமை பெற்றார். மரக் கப்பல்களின் அடிப்பாகத்தைப் புழுக்கள் துளைக்காதிருக்க இத்தகட்டைப் போர்த்தினார்கள்.

4. சுமார் 3 வீதம் ஈயம் சேர்த்தது: கடைசல் இயந்திரத்தில் இலகுவாக வெட்டுப்படும். திருகாணி, பூட்டு, வால்வு ஆகியவற்றுக்குப் பயன்படும். ஆனால் ஈயம் நஞ்சு. குடிநீர்க் குழாய்களில் அதன் அளவு குறைவாக இருக்க வேண்டும்.

இனி எங்கள் பைப்புக்கு வருவோம். மின்னிரசாயனத் தொடரில் நாகம் செம்பைவிடத் தாக்கம் கூடியது. எங்கள் கிணற்று நீர் சற்று உவர்ப்பானது. அதிலுள்ள குளோரைட்டு அயன்கள் அரிப்பைத் தூண்ட, நாகம் கரைந்து நீங்கியது. மிஞ்சியது துளைகள் நிறைந்த செம்பு மட்டுமே. வெளித்தோற்றம் மாறாமலே உள்ளே வலிமை போய்விடும். நாகம் கூடிய பித்தளையில் இந்த ஆபத்தும் கூடும். உம்மம்மாவின் வட்டா இரவு பகலாக உவர்நீரில் கிடக்கவில்லையே!

இதைத் தடுக்க மிகச் சிறிதளவு ஆசனிக் சேர்த்த பித்தளை உண்டு. கடல்நீர் படும் குழாய்களுக்கு 1 வீதமளவில் வெள்ளீயம் சேர்ப்பார்கள்.

பித்தளைக்கு இன்னொரு பகை அமோனியா. பிரித்தானியர் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களுக்கு அருகே வைத்திருந்த ரவை உறைகள் தாமாகவே வெடித்துப் பிளந்தன. சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவும் உலோகத்தினுள் தங்கியிருந்த தகைப்புமே காரணம் என்று 1921இல் விளக்கப்பட்டது.

வீட்டிலும் கவனம் தேவை. புளி தேய்த்தால் பித்தளை பளபளக்கும். அமிலம் ஒட்சைட்டுப் படையைக் கரைப்பதே காரணம். அதே காரணத்தால், உள்ளே வெள்ளீயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்கறியை வைக்கக் கூடாது.

புதிய பைப் வாங்க வாப்பாவுடன் நானும் போனேன். "நாகம் அரிக்காத பித்தளை இருக்கிறதா?" என்று கேட்டோம். மூன்றாவது கடையில்தான் 'டீ.இஸட்.ஆர்.' என்ற எழுத்துகள் பொறித்த பைப் கிடைத்தது. விலை சற்றுக் கூட. வாப்பா என்னைப் பார்த்தார்; பிறகு மறுபேச்சின்றிப் பணத்தைக் கொடுத்தார்.