ரசிகர் போடும் கணக்கு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

கணித மாணவன் கல்லூரி மலருக்குக் கட்டுரை எழுதுகிறான் என்றால் மாயச் சதுரமோ, இராமானுஜனின் 1729-ஓ வரும் என்று எதிர்பார்ப்பது இயல்பே. அவற்றை ஆண்டுதோறும் யாரேனும் ஒருவர் எழுதிவிடுகின்றனர். நான் எடுத்துக்கொண்ட எண்கள் வேறு: 63, 408, 23, 24. இவற்றிற்குப் பாடநூலில் இடமில்லை. அண்மை ஆண்டுகளில் மறைந்த ஆட்டக்காரர்களை அவர்தம் ரசிகர்கள் எவ்வாறு நினைவுகூர்ந்தனர் என்று பார்த்துக்கொண்டு வந்தபோது எதிர்ப்பட்ட எண்கள் இவை.

முதலில் 63-ஐ எடுத்துக்கொள்வோம். 2014 நவம்பர் 25 அன்று சிட்னி மைதானத்தில் ஒரு ஷெஃபீல்டு ஷீல்டு ஆட்டம். தெற்கு ஆஸ்திரேலிய அணிக்காக ஆடிய பிலிப் ஹியூஸ் 63 ரன் எடுத்திருந்தார். எகிறி வந்த பந்தொன்று தலைக்கவசத்திற்குக் கீழே கழுத்தில் தாக்கியது. நவம்பர் 27 அன்று மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. 26-ஆம் பிறந்தநாளுக்கு இன்னும் மூன்று நாளே இருந்தது. ஆட்டக் குறிப்பில் அவர் பெயருக்கு நேரே முதலில் எழுதப்பட்டிருந்தது, காயமுற்று வெளியேறினார் என்பதாகும். பின்னர் கிரிக்கெட் ஆஸ்திரேலியா அதனை ‘63 நாட் அவுட்’ என்று மாற்றி எழுதியது.

இங்கே ஒரு கணிதச் செய்தி இருக்கிறது. சராசரி என்பது எடுத்த ரன்களை ஆட்டமிழந்த தடவைகளால் வகுத்து வருவது. காயமுற்று வெளியேறியவர் ஆட்டமிழந்தவராகக் கொள்ளப்படுவதில்லை. ஆகவே ‘காயமுற்று வெளியேறினார்’ என்று எழுதினாலும் ‘நாட் அவுட்’ என்று எழுதினாலும் வகுக்கும் எண் மாறாது; சராசரியும் மாறாது. அந்தத் திருத்தத்தின் கணித மதிப்பு சுழி. ஆயினும் கோடிக்கணக்கான ரசிகர்களுக்கு அத்திருத்தம் ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது? ‘வெளியேறினார்’ என்பது அவர் தோற்றுப் போனதாகக் காட்டுகிறது. ‘நாட் அவுட்’ என்றால், அவரை யாரும் வீழ்த்தவில்லை என்று பொருள்.

அந்த நாட்களில் ஆஸ்திரேலிய ரசிகர் ஒருவர் தம் வீட்டு வாசலில் மட்டையைச் சாய்த்து வைத்துப் படம் எடுத்து வெளியிட, நாடு நாடாக மக்கள் அவ்வாறே செய்தனர். டிசம்பர் 9 அன்று இந்தியாவுடன் அடிலெய்டில் டெஸ்ட் தொடங்கியபோது புல்தரையில் 408 என்று பெரிதாக எழுதப்பட்டிருந்தது. மைதானம் முழுவதும் எழுந்து நின்று 63 வினாடி கைதட்டியது. டேவிட் வார்னர் 63-ஐ எட்டியதும் ஆட்டத்தை நிறுத்தி வானத்தை நோக்கினார். நாம் அறிந்த அஞ்சலி இரண்டு நிமிட மௌனம். அது எவர்க்கும் பொது. 63 வினாடி என்பதோ அவர் ஒருவர்க்கே உரியது.

இனி 408. இது எடுத்த ரன் அன்று, வரிசையெண். ஆஸ்திரேலியாவுக்காக டெஸ்ட் ஆடிய 408-ஆவது மனிதர் ஹியூஸ். 2022 மார்ச் 4 அன்று தாய்லாந்தில் 52-ஆம் வயதில் திடீரென மறைந்த ஷேன் வார்னின் எண் 350. கழித்தால் 58. வார்ன் முதல் டெஸ்ட் ஆடியது 1992-இல், ஹியூஸ் 2009-இல். பதினேழு ஆண்டுகளில் அவ்வளவு பெரிய நாட்டிலிருந்து 58 பேரே புதிதாக அந்தத் தொப்பியைப் பெற்றிருக்கின்றனர். இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்த்த பிறகே 408-ஐப் புல்லில் எழுதியதன் பொருள் எனக்கு விளங்கிற்று.

வார்ன் மறைந்தபோது மெல்போர்ன் மைதானத்து வாயிலில் உள்ள அவர் சிலையடியில் ரசிகர்கள் மலர்களோடு பீர் டப்பாக்களையும் சிகரெட் பெட்டிகளையும் இறைச்சிப் பணியாரங்களையும் கொண்டு வைத்தனர். முகம் சுளிப்போர் சுளிக்கட்டும். இறந்தவர்க்குப் பிடித்ததைப் படைப்பது நமக்குப் புதிதல்லவே! அவர் ஒருநாள் ஆட்டங்களில் அணிந்த சட்டை எண் 23. 2022 ஜூன் 2 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் மோதிய டெஸ்டில், 23 ஓவர் முடிந்ததும் ஆட்டத்தை நிறுத்தி 23 வினாடி கைதட்டினர். 708 விக்கெட் எடுத்தவர்க்கு 708 வினாடி தட்டலாமே என்று கேட்கலாம். அது பன்னிரண்டு நிமிடத்திற்குச் சற்றுக் குறைவு. கை தாங்காது!

எனக்கு மிகவும் வியப்பளித்தது 24. அமெரிக்கக் கூடைப்பந்தில் பந்தைப் பெற்ற அணி 24 வினாடிக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும். தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பின்பாதியிலிருந்து நடுக்கோட்டை 8 வினாடிக்குள் கடக்க வேண்டும் என்பது மற்றொரு விதி. கோபி பிரையன்ட் முதலில் அணிந்த எண் 8, பின்னர் அணிந்தது 24. 2020 ஜனவரி 26 அன்று ஹெலிகாப்டர் விபத்தில் அவரும் பதின்மூன்று வயது மகளும் பிறரும் மாண்டனர். அன்றே நடந்த ஆட்டமொன்றில் டொராண்டோ அணி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. 24 வினாடி ஓடிற்று. பந்து எதிரணிக்குப் போனது. சான் ஆண்டோனியோ அணியும் அவ்வாறே நின்று பந்தை விட்டுக்கொடுத்தது. மைதானம் கோபியின் பெயரை முழங்கிற்று. பிற ஆட்டங்களில் 8 வினாடியையும் இவ்வாறு கடக்க விட்டனர். ஆட்டத்தின் விதியை மீறுவதே அஞ்சலியாயிற்று. மகள் அணிந்த எண் 2. ஆகவே பொது நினைவுக் கூட்டம் இரண்டாம் மாதம் 24-ஆம் தேதி வைக்கப்பட்டது.

மாரடோனாவின் 10 பற்றி எல்லோரும் அறிவர். 2020 நவம்பர் 25 அன்று அவர் மறைய, மறுநாள் நேப்பிள்ஸ் அணியினர் அனைவரும் முதுகில் அவர் பெயரும் 10-உம் தாங்கிக் களத்தில் இறங்கினர்.

ஏன் எண்? ஒருவரையொருவர் அறியாத ஐம்பதாயிரம் பேர் ஓரிடத்தில் கூடினால் அவர்களுக்குப் பொதுவான பாட்டு இல்லை, மதமும் ஒன்றில்லை, சில வேளை மொழியும் ஒன்றில்லை. எண் ஒன்றே பொது. கட்டளையிடுவார் இன்றி எல்லோரும் ஒரே நொடியில் எழுந்து நிற்க அது போதும். இது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. பாடகர் மறைந்தால் பாட்டு இருக்கிறது. 2020 செப்டம்பர் 25 அன்று எஸ். பி. பாலசுப்பிரமணியம் மறைந்தபோது தேநீர்க் கடைகளும் பேருந்துகளும் அவர் குரலையே ஒலித்தன. 40,000 பாடல்கள் என்று ரசிகர் பெருமையாகச் சொல்வர். 1966 முதல் 54 ஆண்டு என்று கொண்டால், ஒரு நாளும் விடாமல் நாளுக்கு இரண்டு பாட்டு! ஆனால் அந்தக் கணக்கிற்காக யாரும் அழவில்லை. ஏதோ ஒரு பாட்டுக்காக அழுதனர். ஆட்டக்காரர்க்கு அந்த வசதி இல்லை. முடிந்த ஆட்டம் முடிந்ததுதான். மிஞ்சுவது ஆட்டக் குறிப்பே. படம் பிடித்து வைத்திருக்கிறார்களே எனலாம். முடிவு தெரிந்த ஆட்டத்தில் நெஞ்சு அடித்துக்கொள்வதில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் பாட்டனார் இறந்தபோது வயது என்னவென்று கேட்டார்கள். வீட்டில் எவர்க்கும் தெரியவில்லை. ‘சுமார் 70’ என்று எழுதிக்கொண்டு போனார்கள். அறுபது ஆண்டு உழவடித்தவர்க்கு மிஞ்சிய ஒரே எண்ணின் முன்னே ‘சுமார்’ இருந்தது. ஹியூஸின் 63-ஐ ஒரு நாடே சரிபார்த்துத் திருத்தி எழுதியதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்டது பொறாமையா, மகிழ்ச்சியா என்று சொல்லத் தெரியவில்லை. எவ்வாறாயினும், ரசிகர் செயல் அனைத்தும் வெறி என்று தள்ளிவிடும் நண்பர்களோடு நான் உடன்படவில்லை.

நம் நாட்டிலும் ஓர் எண் காத்திருக்கிறது. நகைச்சுவை நடிகர் விவேக், அப்துல் கலாம் அவர்களின் தூண்டுதலால் ஒரு கோடி மரக்கன்று நடும் பணியை மேற்கொண்டார். ஏறத்தாழப் பத்தாண்டுகளில் 33 லட்சத்திற்கு மேல் நட்ட நிலையில், 2021 ஏப்ரல் 17 அன்று 59-ஆம் வயதில் மறைந்தார். ரசிகர்கள் பலர் அன்றே மரக்கன்று நட்டு அஞ்சலி செலுத்தினர். மட்டைக்காரர் விட்ட இடத்திலிருந்து வேறொருவர் 64-ஆவது ரன்னை எடுக்க முடியாது. இந்தக் கணக்கை எவரும் தொடரலாம். மீதம் ஏறத்தாழ 67 லட்சம். அதே வேகத்தில் போனால் இன்னும் இருபது ஆண்டு.

ஒன்று மட்டும் தாவரவியல் துறை நண்பர்களும் ஒப்புக்கொள்வர். ஏப்ரல் 17 என்பது கோடையின் நடுவே வருகிறது. அன்று நட்ட கன்றுக்கு மழை வரும்வரை குடத்தில் நீர் சுமந்தாக வேண்டும். இல்லையேல் வைகாசிக்குள் கருகிவிடும். விவேக் பிறந்ததோ நவம்பர் 19. அப்போது வடகிழக்குப் பருவமழைக் காலம். மண் ஈரமாக இருக்கும். நினைவு நாளில் நடுவதை விடுத்துப் பிறந்தநாளில் நட்டால் பிழைக்கும் கன்றுகள் மிகும். நினைவு நாள் வேண்டுமானால், சென்ற மழையில் நட்டவற்றில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ணி, அவற்றிற்கு நீர் ஊற்றும் நாளாக இருக்கட்டும்.